உதவி தேவை: அம்மாபேட்டை வீட்டை விற்க வேண்டும், இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது, மூலப் பத்திரமும் காணோம்

அம்மாபேட்டை இளையவன்:

வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் அப்பா 1974-ல் நெசவில் சம்பாதித்த காசில் வாங்கிய வீடு. முன்கூடத்தில் குழித்தறி இருந்த ஓட்டு வீடு அது. 1983 வாக்கில் பின்பாதியை இடித்துத் தார்சு போட்டார். இப்போது யாரும் குடியில்லை, மழைக்கு ஓடு சரிகிறது. எல்லோரும் ஒத்துக்கொண்டு விற்க முடிவெடுத்திருக்கிறோம். 80 லட்சத்துக்கு ஒருவர் கேட்கிறார். அவர் பேங்க் லோன் போடுகிறார், பேங்க் வக்கீல் ஒரு பட்டியல் கொடுத்துவிட்டார், அங்கேதான் நிற்கிறது.

குடும்ப விவரம்: அப்பா 1998-ல் இறந்தார், உயில் இல்லை. நாங்கள் நான்கு பேர்: அக்கா, அண்ணன், நான், தங்கை. அண்ணன் சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்திருந்தார், 2009-ல் மாரடைப்பில் போய்விட்டார். அண்ணி, ஒரு மகள் (22), ஒரு மகன் (17, வரும் ஆகஸ்டில் 18). அம்மா 2014-ல் இறந்தார். தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள். அப்பாவுக்கு மட்டும்தான் வாரிசு சான்று வாங்கியிருக்கிறோம்.

தகரப் பெட்டி முழுக்க வரி ரசீது, கரண்ட் கார்டு எல்லாம் இருக்கிறது, 1974 பத்திரம் மட்டும் இல்லை. போலீசில் தொலைந்ததாகப் புகார் கொடுத்து நகல் வாங்கிவிடலாம் என்கிறார் புரோக்கர். இன்னொரு பக்கம் சித்தப்பா, "அக்காவுக்கு 1986-லேயே கல்யாணம் ஆகிவிட்டது, 1989 சட்டப்படி அவளுக்குப் பங்கு கிடையாது" என்கிறார். அக்காவை விட்டுவிட்டு விற்க எனக்கு மனமில்லை, ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தால் நல்லது. வாங்குபவர் 5 லட்சம் அட்வான்ஸ் தரத் தயாராக இருக்கிறார். வாங்கலாமா?

செவ்வாய்ப்பேட்டை வியாபாரி:

அட்வான்ஸை விடாதீங்க, பார்ட்டி ஓடிப்போயிடுவார். கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்றிதழ் வாங்கி, எல்லோரும் தங்கள் பங்கை விட்டு உங்கள் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் நீங்கள் ஒருவரே கையெழுத்துப் போட்டு விற்கலாம். எங்கள் மாமனார் வீட்டில் அப்படித்தான் செய்தோம்.

ஓய்வு பத்திர எழுத்தர்:

தம்பி, மேலே சொன்னது இரண்டுமே உங்களுக்கு வேண்டாம். கோர்ட் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ் பேங்க் டெபாசிட், ஷேர், வரவேண்டிய கடன் இவற்றுக்கானது. வீட்டுக்குத் தாசில்தார் தரும் வாரிசு சான்று போதும், இ-சேவை மையத்தில் மனு போடலாம். அப்பாவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு நகர முடியாது. அண்ணனுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாக வேண்டும். அண்ணன் சங்ககிரியில் குடியிருந்தவர் என்றால் அவருடையதை சங்ககிரி வட்டத்தில்தான் கேட்க வேண்டும். சேலத்தில் மனு போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

விடுதலைப் பத்திரம் எதற்கு? வீடு வெளியாருக்குத்தானே போகிறது. வாரிசுகள் எல்லோரும் விற்பவர்களாக ஒரே கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. குடும்பத்துக்குள் விடுதலை என்றாலும் முத்திரைத்தாள் 1 சதவீதம் (உச்சம் 40,000), பதிவுக் கட்டணம் 1 சதவீதம் (உச்சம் 10,000) போகும். அது போகட்டும், ஆறு பேர் சொத்தை ஒருவர் பெயருக்கு மாற்றி, அவர் விற்றுப் பிரித்துக் கொடுப்பார் என்று மற்றவர்கள் காத்திருப்பதில்தான் வழக்கே பிறக்கிறது. நான் எழுதிய பத்திரங்களிலேயே பார்த்திருக்கிறேன். அவரவர் பங்குக்கு அவரவர் பெயரில் டிடி, அந்த எண்களைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கான 1989 தமிழ்நாட்டுத் திருத்தம் பரம்பரைக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது. அன்றைக்குக் கல்யாணம் ஆகாத பெண்ணா என்ற கேள்வி அங்கேதான் வந்தது. அதையும் 2005 மத்தியத் திருத்தம் மாற்றிவிட்டது. உங்கள் அப்பா சொந்தமாக வாங்கியது, உயில் இல்லாமல் போனார். 1956-ல் வந்த அந்த மூலச் சட்டப்படியே மனைவி, மகன், மகள் எல்லோரும் சமம். அக்காவுக்கு எந்த ஆண்டு கல்யாணம் ஆனால் என்ன.

இனி பத்திரம். போலீசுக்குப் போகும் முன் இரண்டு விஷயம் சொல்லுங்கள். வில்லங்கம் (வீட்டின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாம் காட்டும் சான்று) போட்டுப் பார்த்தீர்களா? தார்சு போட்ட பணம் எங்கிருந்து வந்தது?

அம்மாபேட்டை இளையவன்:

ஐயா, நன்றி. பதிவுத்துறை தளத்தில் 1975 முதல் இன்று வரை வில்லங்கம் எடுத்தேன். 1983-ல் அப்பா பெயரில் ஒரு அடமானம் இருக்கிறது, எழுதி வாங்கியது ஒரு கூட்டுறவு வீட்டுவசதி சங்கம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நீங்கள் கேட்டதும் பெட்டியை மறுபடி கொட்டிப் பார்த்தேன். அடியில் நீல அட்டை போட்ட பாஸ்புக் ஒன்று, மாதத் தவணை வரவு. கடைசிப் பக்கத்தில் 1996-ல் ‘பாக்கி இல்லை’ என்று எழுதி சங்க முத்திரை குத்தியிருக்கிறது.

ஓய்வு பத்திர எழுத்தர்:

அப்படியென்றால் பத்திரம் தொலையவே இல்லை. கடன் கொடுத்த சங்கத்தின் பீரோவில் இருக்கும். அந்தக் காலத்தில் கடன் கட்டி முடித்தவர்கள் பாதிப் பேர் ரசீதோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பத்திரத்தைத் திருப்பி வாங்குவதும், அடமானத்தை ரத்து செய்து ரசீது பதிவதும் நின்றுவிடும். அதனால்தான் 1996-ல் தீர்ந்த கடன் இன்னமும் வில்லங்கத்தில் உயிரோடு நிற்கிறது. பேங்க் வக்கீல் பட்டியலில் இதுவும் இருக்குமே?

போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம், பத்திரம் கிடைக்கவில்லை என்று போலீஸ் தரும் கண்டறிய இயலாச் சான்று, இதெல்லாம் உண்மையிலேயே காணாமல் போனவர்களுக்கு. அடமானத்தில் கிடக்கும் பத்திரத்தைத் தொலைந்தது என்று எழுதிக் கொடுத்தால் அது பொய்ப் புகார். புரோக்கருக்கு என்ன, கையெழுத்து உங்களுடையது.

பாஸ்புக், மூன்று இறப்புச் சான்று, வாரிசு சான்றுகள், வில்லங்கம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சங்கச் செயலாளரைப் பாருங்கள். மனுவை எழுத்தில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். சங்கம் கலைக்கப்பட்டிருந்தால் அதன் பதிவேடுகள் எங்கே போயின என்று வீட்டுவசதிக்கான துணைப் பதிவாளர் அலுவலகத்தில் சொல்வார்கள். பத்திரத்தை வாங்கிக்கொண்டு மட்டும் வந்துவிடாதீர்கள், ரத்து ரசீதைச் சார்பதிவகத்தில் பதிந்தாக வேண்டும். 1974 கிரயம் கணினியில் வராது, 1975-க்கு முந்தையதைக் கையால் தேட மனு கொடுங்கள்.

சேர்வராயன் தென்றல்:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். அண்ணி, பிள்ளைகளுக்கு எவ்வளவு பங்கு என்று பேசிவிட்டீர்களா? நாங்கள் நாகலூர் வீட்டை விற்கும்போது நாலு பிள்ளை, நாலு பங்கு என்று பேசி முடித்தோம். கடைசி நாளில் வக்கீல் வேறு கணக்குச் சொல்லி ஒரே மனஸ்தாபம். அதை முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

ஓய்வு பத்திர எழுத்தர்:

ஏற்காட்டு அம்மா சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். யார் முதலில் இறந்தார் என்பதில் கணக்கு மாறும்.

1998-ல் அப்பா போனபோது அம்மா, நான்கு பிள்ளைகள், ஆளுக்கு ஐந்தில் ஒன்று. 2009-ல் அண்ணன் போனார். அவருடைய ஐந்தில் ஒன்று அண்ணி, மகள், மகன், அம்மா என நால்வருக்குச் சமமாகப் போகும். அம்மா எதற்கு என்று கேட்பார்கள். இறந்த மகனுக்குத் தாயும் முதல் வகுப்பு வாரிசு, பலரும் மறப்பது இதைத்தான். அண்ணனின் வாரிசு சான்றில் அம்மா பெயர் இருக்க வேண்டும், இல்லையென்றால் வக்கீல் திருப்பி அனுப்புவார். இதனால் அம்மாவின் பங்கு ஐந்தில் ஒன்றோடு இருபதில் ஒன்று சேர்ந்து கால் பங்கு ஆகிறது.

2014-ல் அம்மா. அந்தக் கால் பங்கை நான்காகப் பிரித்தால் அக்காவுக்கும் உங்களுக்கும் தங்கைக்கும் ஒவ்வொன்று. அண்ணனின் ஒன்றை அவர் பிள்ளைகள் இருவரும் எடுப்பார்கள். மாமியாரின் சொத்தில் கணவனை இழந்த மருமகளுக்கு நேரடிப் பங்கு இல்லை.

80 லட்சத்துக்குப் போட்டுப் பார்த்தால் அக்கா, நீங்கள், தங்கை ஆளுக்கு 21 லட்சம். அண்ணன் மகள் 6.5, மகன் 6.5, அண்ணி 4. அண்ணன் குடும்பத்துக்கு மொத்தம் 17 லட்சம்.

அம்மாபேட்டை இளையவன்:

ஐயா, நாங்கள் ஆளுக்கு 20 என்றுதான் பேசி வைத்திருந்தோம். அண்ணியிடம் போய் 17 என்று எப்படிச் சொல்வது? அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதே அண்ணிதான்.

சேர்வராயன் தென்றல்:

சொல்ல வேண்டியதில்லையே. சட்டம் சொல்வது குறைந்தபட்சக் கணக்கு, அதற்கு மேல் கொடுப்பதை யார் தடுத்தார்கள்? நீங்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு லட்சம் விட்டுக்கொடுத்தால் அண்ணன் வீட்டுக்கு 20 வந்துவிடுகிறது. அந்த மூன்று லட்சத்தை அண்ணி பெயரிலேயே போடுங்கள். மாமியாருக்குச் செய்தவருக்கு நான்கு லட்சம் என்பதைக் கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. தங்கை, அக்கா இருவர் சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும்.

ஓய்வு பத்திர எழுத்தர்:

நானும் அதையே சொல்வேன். ஆனால் பையன் பங்கைக் குறைத்து அண்ணிக்குக் கூட்டிவிடாதீர்கள், உங்கள் மூவர் பங்கிலிருந்து மட்டும் கொடுங்கள்.

பையனுக்கு 17 என்றீர்களே, அதுதான் அடுத்த முட்டுக்கட்டை. மைனர் பங்கைத் தாயே விற்றாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். இல்லாமல் விற்றால், 18 முடிந்து மூன்று ஆண்டுக்குள் அவன் வழக்குப் போட்டு ரத்து செய்யலாம். எந்த பேங்க் வக்கீலும் ஏற்கமாட்டார். கோர்ட்டுக்குப் போய் அனுமதி வாங்கும் நேரத்தில் ஆகஸ்டே வந்துவிடும், காத்திருங்கள்.

அட்வான்ஸும் இப்போது வேண்டாம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையே பதிந்தாக வேண்டும். மைனர் கையெழுத்துப் போட முடியாது, பதியாத பேப்பரில் 5 லட்சம் வாங்கினால் நாளைக்குப் பேச்சு மாறும்போது இரு பக்கமும் சிரமம். வாங்குபவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். சங்கத்து ரசீதுக்கு எப்படியும் நாள் ஆகும்.

சூரமங்கலம் கணக்கர்:

வரியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நீண்டகால மூலதன ஆதாய வரி ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்குக்குத் தனித்தனி. அப்பா 1974-ல் வாங்கியது என்பதால் 1-4-2001 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக வைத்துக்கொள்ளலாம், அன்றைக்கு அரசு வைத்திருந்த வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்குங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இரண்டு வழி: பணவீக்கக் குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம், அல்லது குறியீட்டோடு 20 சதவீதம், எது குறைவோ அது. உதாரணமாக 2001 மதிப்பு மொத்த வீட்டுக்கும் 10 லட்சம் என்று வைத்தால், முதல் வழியில் 70 லட்சத்துக்கு 8.75 லட்சம். குறியீடு 2001-02-ல் 100, 2025-26-ல் 376; அதைப் போட்டால் அடக்கம் 37.6 லட்சம், மீதி 42.4-க்கு 20 சதவீதம் 8.48 லட்சம். செஸ் தனி. உங்கள் கிரயம் எந்த நிதியாண்டில் நடக்கிறதோ அந்த எண்ணைப் போட வேண்டும். வேறு வீடு வாங்கினாலோ, ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட கடன் பத்திரங்களில் முதலீடு போட்டாலோ விலக்கு உண்டு.

தங்கைக்கு இந்த இரண்டு வழி கிடையாது, 12.5 மட்டும்தான். அதோடு அவர் பங்குப் பணத்தில் வாங்குபவர் பெரிய தொகையைப் பிடித்தே கொடுக்க வேண்டும், ஆதாயத்துக்கு இல்லை, முழுத் தொகைக்கும். குறைந்த பிடித்தத்துக்கு வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்கச் சொல்லுங்கள், மற்றவர்களுக்கு 1 சதவீதம் பிடிப்பார்கள். உங்கள் பங்கு 21 லட்சம்தானே என்று வாதாட முடியாது, மொத்த விலை 50 லட்சத்தை எட்டினாலே பிடித்தம் வரும். எல்லோருக்கும் பான் இருக்கிறதா பாருங்கள், அண்ணன் மகனுக்கும்.

செவ்வாய்ப்பேட்டை வியாபாரி:

தங்கை வந்து கையெழுத்துப் போட முடியாவிட்டால்?

ஓய்வு பத்திர எழுத்தர்:

சிங்கப்பூர் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு, இந்த ஒரு வீட்டை விற்பதற்கு மட்டும் என்று பவர் எழுதி அனுப்பலாம். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும், பலர் இந்தத் தவணையைத் தவறவிடுகிறார்கள். கிரயத்தன்று தங்கை உயிரோடு இருப்பதற்கான சான்றும் கேட்பார்கள். அவசரப்பட்டு இப்போதே எழுதி அனுப்பச் சொல்லாதீர்கள்.

அம்மாபேட்டை இளையவன்:

எல்லோருக்கும் நன்றி. நிலவரம் சொல்கிறேன். சங்கம் இருக்கிறது, ஆனால் இப்போது ஒரே அறையில் நடக்கிறது. செயலாளர் முதலில் பழைய லெட்ஜர் இல்லை என்றார். பாஸ்புக்கில் இருந்த கடன் எண்ணைக் காட்டியதும் இரும்பு பீரோவைத் திறந்து காக்கி உறைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அப்பா பெயர் எழுதிய உறை இருந்தது. உள்ளே 1974 பத்திரம், மடித்த இடத்தில் கொஞ்சம் இற்றுப்போயிருக்கிறது, எழுத்து தெளிவு. நிர்வாகக் குழுத் தீர்மானம் போட்ட பிறகுதான் கையில் தருவார்களாம், ரத்து ரசீதும் அப்போதே பதிந்து தருகிறேன் என்றார்.

சங்ககிரியில் மனு போட்டாயிற்று, அம்மா பெயரையும் சேர்த்துத்தான். அண்ணியிடம் அக்காவே பேசிவிட்டாள். வாங்குபவர் ஆவணி வரை பொறுக்கிறேன் என்கிறார், ஆடியில் அவரும் பதியமாட்டாராம். நிலப் பதிவேட்டில் இன்னும் அப்பாவுக்கு முந்தைய உரிமையாளர் பெயரே இருப்பதாக வக்கீல் சொல்கிறார், அதற்கு இப்போதே மனு போடலாமா?

ஓய்வு பத்திர எழுத்தர்:

போடலாம். 1974 பத்திரமும் மூன்று வாரிசு சான்றும் வைத்து, டவுன் சர்வே எண்ணில் எல்லோர் பெயருக்கும் கூட்டாகவே கேளுங்கள். வார்டு, பிளாக், சர்வே எண் மூன்றும் பழைய பத்திரத்தில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று சர்வேயரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள், அம்மாபேட்டைப் பக்கம் பழைய எண் வேறு, புது எண் வேறு. ரத்து ரசீது பதிவான பிறகு இன்னொரு வில்லங்கம் போட்டு, அந்த 1983 பதிவுக்குக் கீழே ரசீது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எண் மாறி ஏறியிருந்தால் கிரயத்துக்கு முன்னாலேயே திருத்திவிடலாம்.