டோக்கியோவில் பழைய வாட்ச்: எந்தக் கடையை நம்பலாம்?

பழைய சீக்கோ வாட்சுகளைத் தேடுபவர்களுக்கு டோக்கியோவில் கடைகளுக்குப் பஞ்சமில்லை. நகானோ ஸ்டேஷனில் இறங்கி, கூரை வேய்ந்த கடைவீதியில் நேராக நடந்தால் நகானோ பிராட்வே வந்துவிடும். 1966-இல் திறந்த கட்டடம். பொம்மைக் கடைகளுக்கும் காமிக்ஸ் கடைகளுக்கும் நடுவே வாட்ச் கடைகள். இங்கேயே குடியிருப்பதால் ஊர் நண்பர்கள் என்னிடம் ஓயாமல் கேட்பது, எந்தக் கடையில் பணத்தை நம்பிக் கொடுக்கலாம் என்பதைத்தான். குறையைத் தானே முன்வந்து சொல்லும் கடையில் கொடுங்கள் என்பேன்.

உள்ளே போனதும் முதலில் என் கண் தேடுவது உரிமப் பலகையை. ஜப்பானில் பழைய பொருள் வாங்கி விற்பவர்கள் அனைவரும் பொதுப் பாதுகாப்பு ஆணையத்திடம் அனுமதி பெற வேண்டும். கருநீல நிறத்தில், 8 செ.மீ. உயரம், 16 செ.மீ. அகலம் கொண்ட பலகையில் வெள்ளை எழுத்தில் அனுமதி எண் இருக்கும். இந்தச் சட்டம் 1949-இலிருந்து இருக்கிறது. திருட்டுப் பொருள் கைமாறுவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. பலகை இருந்தால் மட்டும் போதாது, ஆனால் அது இல்லாத இடத்தில் நான் நிற்பதே இல்லை.

அடுத்து விலைச் சீட்டு. நல்ல கடைகளின் சீட்டைப் படிப்பதே ஓர் இன்பம். பொடி எழுத்தில் 'டயல் மறுபூச்சு', 'கண்ணாடி அசல் அல்ல', 'வெளி உறை (கேஸ்) மெருகேற்றப்பட்டது' என்று ஒவ்வொன்றாக எழுதியிருப்பார்கள். எப்போது சர்வீஸ் செய்தார்கள், எத்தனை மாதம் உத்தரவாதம் என்பதும் அதில் இருக்கும். இணையத்தில் நம் நாட்டிலிருந்து விற்பனைக்கு வரும் பழைய சீக்கோ 5 வாட்சுகளில் பல, டயலுக்குப் புது வண்ணம் அடிக்கப்பட்டவை. அதைச் சொல்லி விற்பவர்கள் குறைவு. டயலின் கீழ் விளிம்பில் இருக்கும் நுண்ணெழுத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மறுபூச்சு டயலில் அது தடித்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

ஒரு கடையில் நடந்தது இது. சீக்கோவின் உயர்தர வரிசையான கிங் சீக்கோவில் ஒன்றைக் காட்டி, டோக்கியோ ஒலிம்பிக் நடந்த 1964-ஆம் ஆண்டின் வாட்ச் என்றார் விற்பனையாளர். விலையும் அதற்கேற்ப ஏறியிருந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்புறத்தில் இருந்த மாதிரி எண் 56-இல் தொடங்கியது, அதாவது உள்ளே இருப்பது 56 வரிசை இயந்திரம். தொடர் எண்ணின் தொடக்கம் 03. சீக்கோவில் முதல் இலக்கம் ஆண்டு, இரண்டாவது மாதம். 56 இயந்திரமே 1960-களின் பிற்பகுதியில்தான் வந்தது என்பதால், அது 1970 மார்ச்சில் செய்த வாட்ச். சாவியை ஒரு படி இழுத்துத் திருகினேன். தேதி நகரவில்லை. தேதியை மாற்றும் சிறு பல்சக்கரம் உடைவது 56 வரிசையின் பிறவிக் குறை. எனவே அந்தச் சோதனையைச் செய்யாமல் அந்த வரிசையில் எதையும் வாங்காதீர்கள். 'பழைய வாட்ச் என்றால் அப்படித்தான்' என்றார் அவர். நான் கிளம்பிவிட்டேன். பழுதான வாட்சை யாரும் விற்கலாம், பழுது என்று எழுதி விற்கட்டும். பொய் வயது சொல்லி விலை ஏற்றுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இதற்கு நேர்மாறான அனுபவம், அப்பாவின் எச்எம்டி ஜனதாவை ரிப்பேருக்குக் கொண்டுபோனபோது கிடைத்தது. பக்கத்துத் தெருவில் ஒரு சின்னக் கடை. பெரியவர் பின்மூடியைத் திறந்து, ஒற்றைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர், "இது சிட்டிசன் குடும்பம்" என்றார். 1961-இல் எச்எம்டி பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியதே சிட்டிசனின் தொழில்நுட்ப உதவியோடுதான். பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு தேய்ந்திருக்கிறது, பழைய சிட்டிசன் உதிரிகளில் பொருந்துவதைத் தேடுகிறேன், கிடைக்காவிட்டால் அப்படியே திருப்பித் தருகிறேன், பார்த்ததற்குப் பணம் வேண்டாம் என்றார். கிடைத்தது. வாட்சோடு, கழற்றிய பழைய அச்சையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார். மயிரிழைபோல் இருக்கும் அந்த அச்சின் நுனி ஒரு பக்கம் மழுங்கியிருந்ததை அவருடைய கண்ணாடியிலேயே காட்டினார். கழற்றியதைத் திருப்பித் தரும் ரிப்பேர்க்காரரைவிட நம்பகமான ஆளை நான் பார்த்ததில்லை. இப்போதெல்லாம் கடை வாட்ச் எதை வாங்கினாலும் முதலில் அவரிடம்தான் காட்டுகிறேன்.

இங்கே குடியிருப்பவர்களுக்கு இன்னொன்று: 10 சதவீத நுகர்வு வரியிலிருந்து விலக்கு குறுகிய காலம் வந்துபோகும் பயணிகளுக்குத்தான், நமக்கு இல்லை. விலையை ஒப்பிடும்போது வரி சேர்ந்த தொகையைப் பாருங்கள். உங்கள் வாட்சை விற்கப் போனால் குடியிருப்பு அட்டையைக் கேட்பார்கள். அது சட்டப்படி சரியான கேள்வி. கேட்காத கடையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒசாகா, நகோயா பக்கம் இருப்பவர்கள் அங்கே கிடைத்த அனுபவத்தை எழுதுங்கள். குறிப்பாக, எச்எம்டியைத் திறந்து பார்க்கச் சம்மதிக்கும் ரிப்பேர்க் கடை அந்தப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். கோபேயில் இருக்கும் நண்பர் ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார்.