மறுமொழி: தொண்டரா, தன்னார்வலரா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

வணக்கம்.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எங்கள் பொறியியலாளர் வட்டத்தில் சம்பளமில்லாமல் கருத்தரங்கு ஒழுங்கு செய்பவர், கட்டுரை பார்த்துக் கொடுப்பவர், வேலை முடிந்து வந்து மென்பொருளில் வழு திருத்துபவர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சொல் இன்னும் இல்லை.

> தொண்டர் என்ற சொல் இருக்கப் புதிது எதற்கு?

ஐயா, நல்லூர்த் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் நிற்பவருக்கு அது பொருந்தும். உழவாரத்தோடு கோயில் கோயிலாக நடந்த அப்பருக்கும் பொருந்தும். ஆனால் இலங்கையின் வடக்கில் 'தொண்டர் ஆசிரியர்' என்றால் நிரந்தர நியமனத்துக்கு வருடக்கணக்காகக் காத்திருந்தவர் முகம்தான் முதலில் வருகிறது.

> ஊழியம் நல்ல தமிழ்.

இதை எழுதிய அண்ணா 'ஊழ்' வரை போய் வைத்த வேர்ச்சொல் வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணத்தில் ஊழியம் என்பது கூலியில்லாமல் கட்டாயமாக வாங்கிய வேலை. சோழர் கல்வெட்டுகளின் 'வெட்டி'யும் அப்படியே. அந்தப் பெயரை விரும்பி வந்தவர் தலையில் வைக்க வேண்டாம்.

> தன்னார்வலர் எல்லோருக்கும் விளங்கும்.

விளங்கும், சரி. ஆனால் அது மனத்தைச் சொல்கிறது, உழைப்பைச் சொல்லவில்லை. 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு வழு வெளிவந்தபோதுதான், இணையத்தில் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளுக்கு முழுநேரமாக ஒருவரே இருந்ததும், ஆண்டு நன்கொடை ஏறக்குறைய 2,000 டொலர் என்பதும் பலருக்குத் தெரிந்தது. ஆர்வம் இருந்தது, ஆட்கள் போதவில்லை.

நான் கேட்பது 'உழைப்புக்கொடை'. ஊரார் கூடிக் கூலியில்லாமல் செய்யும் சிரமதானத்தின் நேர்த் தமிழ் அது. சிரமதானம் தெரியாத ஊர் இங்கே இல்லை. செய்பவர் கொடையாளர், குருதிக்கொடையாளரைப் போல. இரத்தம் கொடுத்தவரை அடுத்த 4 மாதம் யாரும் மறுபடி கேட்பதில்லை. அந்த எண்ணம் இந்தச் சொல்லோடும் வர வேண்டும். போன வருடம் மூன்று கருத்தரங்குகளை அடுத்தடுத்துச் சுமந்த பிள்ளை இப்போது கூட்டத்துக்கே வருவதில்லை. நாங்கள் ஒருவரும் போதும் என்று சொல்லவில்லை.

கொடையாளர் என்றால் காசு கொடுத்தவர் என்று மாணவர் நினைப்பார்கள் என வவுனியா ஆசிரியை எழுதியது நியாயமான தடை. 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' குறளிலிருந்து வந்த 'கைம்மாறிலர்' அழகுதான், ஆனால் வகுப்பில் ஒருவர் வாயிலும் நுழையாது.

நேற்றிரவு வரை தன்னார்வலருக்கு ஏழு பேர், கொடையாளருக்கு மூன்று பேர். ஆளைக் குறிக்கத் தன்னார்வலர் என்றே போகட்டும். வேலையைக் குறிக்குமிடத்தில், கையேட்டின் ஓய்வு பற்றிய பத்தியில் மட்டுமாவது, 'உழைப்புக்கொடை' என்று போடச் சம்மதம் கேட்கிறேன். வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.