ஆள் பிடிபடவில்லை, ஆனாலும் இழப்பீடு கிடைத்தது

வேலை முடிந்து இரவில் வந்துகொண்டிருந்த அண்ணனை இரண்டு பேர் வழிமறித்து அடித்துப் போட்டார்கள். தாடை எலும்பு முறிந்து, ஆறு வாரம் பற்களைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். எதுவானாலும் ஸ்ட்ரா வழியாகத்தான். என்ன வேண்டும் என்பதைக்கூட ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவார். அடித்தவர்கள் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஆளே இல்லாதபோது யாரிடம் போய் நஷ்டஈடு கேட்பது என்று நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம்.

அரசே இழப்பீடு தரும் திட்டம் இருக்கிறது என்று முதலில் சொன்னவர் மருத்துவமனையில் இருந்த சமூகப் பணியாளர். "போலீசில் புகார் பதிவாகியிருக்கா?" என்று மட்டும் கேட்டார். பதிவாகியிருந்தது. அது போதும், விண்ணப்பியுங்கள் என்றார்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். இதற்கென்று முதலில் சட்டம் போட்ட நாடு நியூசிலாந்து, 1963-இல். 1985-இல் ஐ.நா. பொதுச்சபை வெளியிட்ட பிரகடனம், குற்றவாளி அடையாளம் காணப்படாவிட்டாலும், தண்டிக்கப்படாவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் பாதிக்கப்பட்டவர்தான் என்கிறது. அந்த வரியை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். நோட்டை வாங்கி "இன்னொரு தடவை" என்று எழுதினார்.

எங்களைப் படுத்தியது பில்கள்தான். மருந்துக் கடை பில் எல்லாம் வெப்பத்தில் அச்சாகும் வழவழப்பான தாள். நான்கு மாதம் கழித்து உறையைப் பிரித்தால் பாதி வெறும் வெள்ளை. தொகையே தெரியவில்லை. ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி நகல் வாங்கினோம். தயவுசெய்து வாங்கின அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள்.

சிகிச்சைச் செலவில் காப்பீடு கொடுத்ததைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்தில் ஒரு பகுதியும் வந்தது. பிடுங்கிக்கொண்டு போன போனுக்கு எதுவும் இல்லை. பெரும்பாலான நாடுகளில் இது உடம்புக்கும் மனதுக்கும் ஏற்பட்ட காயத்துக்கான பணம், பொருளுக்கானது இல்லை. கையில் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை கடன்தான்.

மறுமொழி:
நான் கணவரை இழந்தவள். இறுதிச் சடங்குச் செலவுக்கும் அவர் வருமானத்தை நம்பியிருந்த எங்களுக்கும் சேர்த்துக் கேட்டேன். விண்ணப்பத்தில் "இறந்தவருக்கு உங்களோடு என்ன உறவு" என்ற கட்டத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்துதான் நிரப்பினாள். தனியாக நிரப்ப உட்காராதீர்கள். மனநல ஆலோசனைக்கும் பணம் தரும் திட்டங்கள் நிறைய இருக்கின்றன. நான் அதைக் கேட்காமல் விட்டேன், இன்றும் வருத்தம்.

மறுமொழி:
எனக்கு முதலில் நிராகரிப்புக் கடிதம்தான் வந்தது, காலம் கடந்துவிட்டதாம். கெடு இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனில் பொதுவாகச் சம்பவம் நடந்து 2 வருடம். ஆனால் நான் எட்டு மாதம் படுக்கையில் இருந்தவன். மருத்துவரிடம் கடிதம் வாங்கி மேல்முறையீடு செய்தேன், ஏற்றுக்கொண்டார்கள். நிராகரிப்புக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்று போட்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.