எருத்தேம்பதி கரிசல்ல பருத்தி ஏக்கராவுக்கு 4 குவிண்டால் தாண்ட மாட்டேங்குது, எந்த மருந்து அடிக்கறதுங்க?

கரிசக்காட்டான்:
வணக்கமுங்க. எருத்தேம்பதி பக்கம் நமக்கு ரெண்டு ஏக்கரா காடு. கேரளாவுல கரிசல் மண்ணுன்னா இந்த சித்தூர் தாலூக்கா கெழக்கோரத்துல மட்டுந்தான்னு கிருஷி ஆபிசர் வர்றப்பல்லாம் பெருமையா சொல்வாரு, அந்தப் பெருமைய வெச்சு கஞ்சி குடிக்க முடியுமாங்க, போன வருஷம் பருத்தி ஏக்கராவுக்கு 4 குவிண்டால் வந்ததே பெரும்பாடு. பண்ணுனத அப்படியே சொல்லிர்றேன், தப்பு இருந்தா திட்டுங்க. ரொட்டவேட்டர் ரெண்டு ஓட்டு விட்டு, மேடு மேடா பார் போட்டு, 4 அடிக்கு 3 அடி, பிஜி-2ங்கற பி.டி. பருத்தி பாக்கெட் வெதை குழிக்கு ஒண்ணு வெச்சேன். வாய்க்கா தண்ணி, ஆள் கெடைக்காததுன்னு இழுத்து இழுத்து அக்டோபர் ரெண்டாவது வாரம் ஆயிப்போச்சு. வெச்ச நாலாம் நாள் பேய்மழை, நாலுல ஒரு பங்கு மொளைக்கல, அப்படியே உட்டுட்டேன். இருபதாம் நாள்லயே எலை சுருண்டுச்சுன்னு மருந்துக்கடையில ஒரு மருந்து குடுத்தாங்க, பத்து நாளைக்கு ஒருக்கா அடிச்சுட்டே இருந்தேன், மொத்தம் 9 தடவை. அப்பறம் வெள்ளை ஈ வந்து எலையெல்லாம் கரி பூசுன மாதிரி ஆச்சு. பிப்ரவரிக்கு மேல காய் பாதி வெடிச்சும் வெடிக்காம உள்ள புழு. ரெண்டாவது காய்ப்பு வருமேன்னு ஏப்ரல் வரைக்கும் செடிய வெச்சிருந்தேன், அதுலயும் ஒண்ணும் பெருசா இல்ல. இந்தத் தடவை நல்ல மருந்தா எதாச்சும் சொல்லுங்க, கொஞ்சம் வெலை கூட இருந்தாலும் பரவால்ல.

காட்டுராசா:
ப்ரொபனோபாஸும் சைபர்மெத்ரினும் சேர்ந்த மருந்து வாங்கி லிட்டருக்கு 2 மில்லி அடிங்க ப்ரோ. நம்ம ஊர்ல எல்லாரும் அதான். ஒரே அடில எல்லாம் காலி.

கோபாலபுரம்_மருந்துக்கடை:
ராசா தம்பி, எல்லாம் காலின்னு நீங்க சொல்றதுல நல்ல பூச்சியும் சேர்த்துத்தான் காலி. நான் கடையிலயே உக்காந்துட்டு இத சொல்றேன், என் யாவாரத்துக்கு நல்லதில்லதான், இருந்தாலும் சொல்றேன். ப்ரொபனோபாஸ், மோனோகுரோட்டோபாஸ், இந்த மாதிரி கொஞ்ச மருந்துகளுக்கு கேரளாவுல 2011லயே தடை. செக்போஸ்ட்டுக்கு இந்தப்பக்கம் தமிழ்நாட்டுல கெடைக்குதேன்னு பையில வெச்சு அந்தப்பக்கம் கொண்டு போறது தப்பு. அதவிட பெரிய வெனை என்னன்னா, செடி சின்னதா இருக்கறப்பவே சைபர் மாதிரி மருந்த அடிச்சா பொறிவண்டு, சிலந்தி, பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி எல்லாம் செத்துப்போகும், வெள்ளை ஈக்கு கேக்க ஆளில்லாம போயிரும். அண்ணனுக்கு வந்த வெள்ளை ஈ பாதி அந்த டப்பாவுலருந்து வந்ததுதான்.

இருங்க, அண்ணன் கணக்க ஒரு தடவை போட்டுப் பாத்தேன். 4க்கு 3 அடின்னா செடிக்கு 12 சதுர அடி, ஏக்கராவுக்கு 3,630 செடி. நாலுல ஒரு பங்கு மொளைக்கல, ஆக 2,720 செடி. 4 குவிண்டால்னா செடிக்கு கிட்டத்தட்ட 147 கிராம். ஒரு காய்க்கு 4 கிராம்னு வெச்சாக்கூட 36, 37 காய் ஒழுங்கா வெடிச்சிருக்கு. இத்தனை புழுவுக்கும் வெள்ளை ஈக்கும் நடுவுல செடி அதோட வேலைய செஞ்சிருக்குங்ணா. காட்டுல செடிதான் இல்ல. 4க்கு 2 அடி வெச்சு, மொளைக்காம பொக்கு விழுந்த எடத்தையும் நெரப்பியிருந்தா 5,400 செடி. நெருக்கத்துல செடிக்கு 120 கிராமுக்கு எறங்குனாலும் ஆறரை குவிண்டால். இதுல மருந்து எங்க வருது சொல்லுங்க.

கரிசக்காட்டான்:
தம்பி இந்தக் கணக்கு எனக்கு தோணவே இல்ல. ராத்திரி நோட்டுல போட்டுப் பாத்தேன், சரியாத்தான் வருது. பொக்கு விழுந்த எடத்துல மறுபடி வெச்சா செடி ஏத்தமும் எறக்கமுமா வரும்னு உட்டுட்டேன்.

வடகரப்பதி_பெரியவர்:
கண்ணு, பொக்கு நெரப்பறதுன்னா பத்து நாளைக்குள்ள நெரப்பிறணும், அதுக்கு மேல வெச்சா நீ சொல்ற மாதிரி குட்டைச் செடியாத்தான் நிக்கும், பக்கத்துச் செடி நெழல்ல ஏங்கிப்போயிரும். அதுக்கு ஒரு வழி இருக்குது, வெதைக்கற அன்னிக்கே ஒரு நூறு இருநூறு சின்ன பாலித்தீன் பையில எருவும் மண்ணும் போட்டு வெதைய ஊனி தொட்டியோரமா வெச்சுரு. காட்டுல எங்க மொளைக்கலயோ அங்க அந்தப் பைய கிழிச்சு வெச்சுட்டு ஒரு சொம்பு தண்ணி ஊத்து. ஒரே வயசுப் புள்ளைக.

இன்னொண்ணு. வெதைய ரொம்ப ஆழத்துல வெக்கற பழக்கம் நம்ம ஆளுகளுக்கு, ஈரம் கீழ இருக்குன்னு. ஒரு கட்டை வெரல் ஆழம் போதும், 4 சென்டிமீட்டருக்கு மேல வேண்டாம், பாருக்கு உச்சியிலயும் வேண்டாம் அடியிலயும் வேண்டாம், பக்கவாட்டுல. கரிசல்ல மழை அடிச்சு வெயில் காஞ்சா மேல அப்பளம் மாதிரி ஓடு கட்டும், அத முட்டித் தள்ளிட்டு வர்றதுக்கு மொளைக்கு தெம்பு வேணுமில்ல.

ஆனா நான் சொல்ல வந்தது அதில்ல. ரொட்டவேட்டர் ரெண்டு ஓட்டுன்னு சொன்னியே, எத்தன வருஷமா அதையே ஓட்டறே? மேல மாவு மாதிரி பொலபொலன்னு இருக்கும், பாக்க அழகு, கீழ ஒரு சாண் போனா சிமெண்டு தளம் மாதிரி கெட்டியாயிருக்கும். பருத்தி ஆணிவேர் செடி, அது கீழ போறதுக்குப் பொறந்தது. எடம் இல்லைன்னா மடங்கி சைடுல ஓடும், அக்டோபர் நவம்பர் மழையில தண்ணி தேங்கி மூச்சு முட்டும், ஜனவரி காத்துல மேல் ஈரம் போனதும் வாடி மொட்டு, சப்பையெல்லாம் கொட்டிப்போடும். நீ அது பூச்சின்னு நெனச்சு மருந்து அடிப்பே. நம்பலைன்னா ஒரு மழை பேஞ்ச மறுநாள் காட்டுக்குள்ள போயி அரை இஞ்ச் கம்பிய ரெண்டு கையால அமுக்கிப் பாரு, எங்க நிக்குதுன்னு.

செல்லாத்தா_தோட்டம்:
பெரியப்பா சொல்றது சரிங்க, எங்க காட்டுலயும் அதேதான். ஆனா கரிசக்காட்டான் அண்ணா ஏப்ரல் வரைக்கும் செடிய வெச்சிருந்தேன்னு சொன்னீங்களே, அதப் படிச்சதும் எனக்கு பகீர்னு ஆச்சு. நான் பதினஞ்சு வருஷமா பருத்தி எடுக்கற கைங்கண்ணா, ஊரு ஊரா போயிருக்கேன். உங்களுக்கு பிப்ரவரில வந்தது இளஞ்சிவப்பு காய்ப்புழு. பிஜி-2 வெதைன்னா புழு வராதுன்னு நெனச்சுட்டு இருக்காங்க, பச்சைக் காய்ப்புழுவ அது தடுக்கும், இந்த ரோசுக் கலர் புழுவுக்கு இப்பல்லாம் அது பழகிப்போச்சு. சாறு உறிஞ்சற பூச்சிக்கு எப்பவுமே அது கேட்டதில்ல.

இந்தப் புழு வெளிய தெரியாது, அதான் கஷ்டம். குட்டியா இருக்கறப்பவே காய்க்குள்ள போயிரும், போன ஓட்டையும் மூடிக்கும். பூவுல பாத்தா புடிக்கலாம். காலைல போனா எல்லாப் பூவும் விரிஞ்சிருக்கும், ஒண்ணு மட்டும் விரியாம எதழ் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நூல் சுத்துன மாதிரி குவிஞ்சே நிக்கும், ரோசாப்பூ மொட்டு மாதிரி. அத பிச்சீங்கன்னா உள்ள அரிசி நுனி அளவுல புழு மகரந்தத்த தின்னுட்டு உக்காந்திருக்கும். நூறு பூவுல பத்து அப்படி இருந்தா உசாராயிரணும். காய்க்கு, காடு பூரா அங்கங்க இருபது பச்சைக் காய் பறிச்சு ஒடைச்சுப் பாருங்க, ரெண்டுல புழு இருந்தா அதே கணக்குதான். இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கராவுக்கு 5 வெச்சு தெனம் எண்ணுங்க, ஒரு பொறில 8 அந்துப்பூச்சி வீதம் தொடர்ந்து மூணு ராத்திரி விழுந்துச்சுன்னா அப்ப மருந்து. பத்து நாளைக்கு ஒருக்கான்னு காலண்டர் பாத்து அடிக்கறது எந்தக் கணக்குங்க?

அந்தப் புழு எங்க ஒளியுதுன்னா உங்க கடைசிக் காய்ல, கெட்டுப்போன கொட்டுப்பருத்தில, கூடிப்போன ரெட்டை வெதைக்குள்ள. நீங்க புடுங்குன காஞ்ச செடி, அந்தப் பருத்திமாறு இப்ப எங்க இருக்கு?

கரிசக்காட்டான்:
வரப்போரம் அட்டி போட்டு வெச்சிருக்கேன் தங்கச்சி. அடுப்பெரிக்க.

செல்லாத்தா_தோட்டம்:
அண்ணா!! அதுலருந்துதான் வர்ற வருஷத்துக்கு உங்க காட்டுக்கே திரும்ப வருது. ஒண்ணு எரிச்சு முடிங்க, இல்ல அதுல ஒட்டியிருக்கற காய் எல்லாம் உதுத்து எரிச்சுட்டு வெறும் மாறு மட்டும் வெச்சுக்கங்க. இனிமே 150, 160 நாள்ல செடிய முடிச்சுக்கங்க, மறுதாம்பு ஆசை வேண்டாம். கடைசி எடுப்பு முடிஞ்சதும் ஆட்டுக்காரங்கள கூப்டு உட்டீங்கன்னா மிச்சப் பச்சைக் காய் எல்லாம் மேஞ்சு தாட்டிரும், புழுக்கையும் மிச்சம். மருந்து அடிச்ச காட்டுல உடாதீங்க, ஆடு பாவம்.

வடகரப்பதி_பெரியவர்:
இந்தப் புள்ளை சொல்றது பழைய சங்கதிதான் கண்ணு. 1919லயே மெட்ராஸ் மாகாணத்துல பயிர்ப் பூச்சிக்குன்னு சட்டம் போட்டாங்க. தண்டுக்கூன்வண்டு பெருகுதுன்னு கம்போடியா ரகப் பருத்திச் செடிய ஆகஸ்ட் 1க்குள்ள புடுங்கியே ஆகணும்னு அதுல உத்தரவு. நம்ம சித்தூர் அன்னிக்கு கொச்சி ராஜ்ஜியம், மெட்ராஸ் சட்டம் எல்லையோட நின்னு போச்சு. வண்டு எல்லைக்கல்ல பாத்துட்டா நிக்கும்? அந்த வண்டு இப்பவும் வருது, சின்னச் செடி தண்டு அடில வீங்கி காத்தடிச்சா ஒடிஞ்சு விழுந்தா அதுதான். அதுக்கு செடி அடில நல்லா மண் அணைச்சுரு.

காட்டுராசா:
அப்ப ஆரம்பத்துல எலை சுருளுதே அதுக்கு என்னதான் பண்றது, பாத்துட்டு சும்மா இருக்கச் சொல்றீங்களா?

கோபாலபுரம்_மருந்துக்கடை:
சும்மா இருக்கச் சொல்லல, திருப்பிப் பாக்கச் சொல்றேன். எலைய மெதுவா திருப்புனா பச்சையா ஒண்ணு நண்டு மாதிரி குறுக்கால ஓடும், அது தத்துப்பூச்சி. காட்டுல 50 எலை பாருங்க, சராசரி எலைக்கு ஒரு குஞ்சு இருந்தாத்தான் மருந்து. வெள்ளை ஈன்னா எலைக்கு 5லருந்து 10 வரைக்கும் பொறுக்கலாம். பாக்கெட் வெதையில கலர் பூசி வருதே அது இமிடாகுளோபிரிட், மொத மூணு வாரம் பக்கம் அதுவே தாக்குப்புடிக்கும், அந்த நாள்ல மேல அடிக்கறது காசுக்குக் கேடு. அப்பறம் வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோ இடிச்சு ராத்திரி ஊற வெச்சு வடிகட்டி, 100 லிட்டர் தண்ணில காதி சோப்பு கொஞ்சம் கரைச்சு சாயங்காலமா அடிங்க. அதுக்கும் அடங்கலைன்னா ப்ளோனிகமிட் ஏக்கராவுக்கு 60 கிராம், அத ஒரு தடவை, மறு தடவை வேற குரூப். யூரியாவ அள்ளிக் கொட்டுன காட்டுலதான் தத்துப்பூச்சி மொதல்ல எறங்கும், அண்ணன் எவ்ளோ போட்டாருன்னு சொல்லவே இல்ல பாருங்க :) வரப்புல துத்திச் செடியும் பார்த்தீனியமும் இருந்தா புடுங்கிருங்க, வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும் காத்திருக்கற திண்ணை அது. வரப்பச் சுத்தி தட்டைப்பயறு ரெண்டு வரிசை போட்டா பொறிவண்டு தங்கும்.

75, 80 நாள் தாண்டுனதும், பிஜி-2 ஒட்டு ரகம்னா 20வது கணுவுக்கு மேல கொழுந்து நுனிய கிள்ளிருங்க, மேல போற சத்து காய்க்குப் போகும். காசு செலவே இல்ல, யாரும் பண்றதில்ல.

கரிசக்காட்டான்:
யூரியா கேக்காதீங்க தம்பி. ரெண்டு மூட்டை.

நேத்து சாயங்காலம் ஒரு கோடை மழை பேஞ்சுது, காலைல கம்பிய எடுத்துட்டுப் போனேன். பெரியவர் சொன்ன மாதிரியே. கம்பி வெண்ணெய்ல எறங்கற மாதிரி எறங்கி ஏழு இஞ்ச்ல டக்குனு நின்னுச்சு, ரெண்டு கையும் போட்டு அமுக்குனேன், வளைஞ்சுச்சே தவிர எறங்கல. பத்து எடத்துல பாத்தேன், வரப்போரம் மட்டும் கீழ போவுது. அப்பறம் அட்டில இருந்த மாறுல ஒரு இருபது வேர உருவிப் பாத்தேங்க, பதினாலு வேர் அரிவாள் மாதிரி மடங்கியிருக்கு. ஆறு வருஷமா இந்த மண்ணுல மிதிச்சுட்டு நடக்கறேன், கீழ இப்படி ஒரு தளம் இருக்குன்னு தெரியல. இந்தத் தளத்த ஒடைக்கற உளிக்கலப்பை எங்க கெடைக்கும், எப்ப ஓட்டறது? அப்பறம் ரெண்டு ஏக்கராவுக்கும் ஒரே தடவை போதுமா?

வடகரப்பதி_பெரியவர்:
மூணு வருஷத்துக்கு ஒருக்கா போதும். அரை மீட்டர் எடை விட்டு ஒரு தெசையில ஓட்டிட்டு அதுக்கு குறுக்கால ஒருக்கா. ஒண்ணரை அடியாச்சும் எறங்கணும், சின்ன டிராக்டர் இழுக்காது, 50 குதிரைசக்தி வேணும். ஓட்டுனதுக்கு அப்பறம் ஏக்கராவுக்கு 5 டன் எரு போட்டு அஞ்சு கொழு கலப்பைல சாதாரணமா ஒரு உழவு, ரொட்டவேட்டர் பக்கம் இந்த வருஷம் போகவே போகாதே. ஆகஸ்ட் கடைசிக்குள்ள வெதைய ஊனிரு, பக்கத்துக் காட்டுக்காரங்க நாலு பேர்கிட்டயும் பேசி பதினஞ்சு நாளுக்குள்ள எல்லாரும் வெச்சு முடிக்கப் பாரு, ஆளுக்கொரு மாசம் வெச்சா புழு ஒரு காட்டுலருந்து இன்னொரு காட்டுக்கு பஸ் புடிச்சுப் போற மாதிரி போயிட்டே இருக்கும்.

பொள்ளாச்சிப் பக்கத்துலருந்து ஒரு பையன் உளிக்கலப்பையோட எங்க ஊருக்கு வர்றான், உனக்கும் சேர்த்து சொல்லி வெக்கறேன். ஆனா நேத்து மழை பேஞ்சுதுன்னு சொல்றியே, அந்த ஈரம் போகட்டும். ஈரத்துல ஓட்டுனா உளி கத்தி மாதிரி கீறிட்டுப் போயிரும், தளம் ஒடையாது, காஞ்சு கெடந்தாத்தான் கட்டி கட்டியா பொளந்து வரும். பத்து நாள் வெயில் அடிக்கட்டும், அதுக்குள்ள அந்த அட்டிய எரிச்சு முடி.

கரிசக்காட்டான்:
எரிக்க ஆரம்பிச்சுட்டோமுங்க. வீட்ல ரெண்டு நாளா வெந்நி, இட்லி எல்லாம் பருத்திமாறுலதான்.