ஜவ்வு கிழிந்தபின் லூப்ரிசின் ஊசி: நம்பலாமா?

கபடி_செந்தில்:
முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிணைக்கிற ஏசிஎல் ஜவ்வு கிழிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 10, 20 வருடத்தில் மூட்டுத் தேய்மானம் வந்துவிடுகிறது, ஆபரேஷன் செய்து புது ஜவ்வு வைத்தாலும் அது நின்றபாடில்லை. அப்புறம் ஏன் இங்கே யாரும் லூப்ரிசினைப் பற்றிப் பேசுவதில்லை? மூட்டு உரசாமல் வழுக்கி அசைய, மூட்டு உறையும் குருத்தெலும்பின் மேலடுக்கும் சுரக்கிற புரதம் அது. அடிபட்ட முதல் சில மாதங்களில் மூட்டு நீரில் அதன் அளவு இறங்கிவிடுவதை மனிதர்களிடமே 2008-ல் பார்த்திருக்கிறார்கள். எலிக்கு ஜவ்வை அறுத்துவிட்டு இதை ஊசியில் ஏற்றினால் தேய்மானம் குறைகிறது.

பிசியோ_கவிதா:
மறுபடியும் எலியா! தம்பி, அந்த எலிகளுக்கு அறுத்த ஒரு வார வாக்கில் ஊசி ஆரம்பித்துவிடுகிறார்கள். நம் ஆட்கள் எண்ணெய் தேய்த்து, நாட்டுக் கட்டு கட்டி, வீக்கம் வடிந்ததும் இன்னொரு மேட்ச் ஆடி, முட்டி நழுவுகிறது என்று ஆறு மாதம் கழித்துத்தான் எம்ஆர்ஐ எடுக்க வருகிறார்கள்.

நெல்லைக்காரன்:
கிளினிக்கில் போடும் ஹையலூரானிக் ஜெல் ஊசிதானே இது?

கபடி_செந்தில்:
இல்லண்ணே. ஜெல் மூட்டு நீரைக் கெட்டியாக்கும். லூப்ரிசின் குருத்தெலும்பின் மேலேயே ஒட்டி நிற்கும், அதிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் தண்ணீரைப் பிடித்துவைத்து இரண்டு பரப்பும் உரசாமல் பார்த்துக்கொள்ளும். இதற்கான பிஆர்ஜி4 மரபணு பழுதாகிப் பிறக்கும் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே மூட்டு கெடுகிறது, 1999-ல் கண்டுபிடித்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பிசியோ_கவிதா:
பிறவியிலேயே இல்லாததும் சில மாதம் குறைவதும் ஒன்றா? நீ சொல்லும் அதே 2008 ஆய்வில், ஒரு வருடத்துக்குள் அளவு தானாகத் திரும்பிவிட்டது. அதுவுமில்லாமல், வீங்கிய மூட்டில் எலாஸ்டேஸ், கதெப்சின் பி மாதிரி நொதிகள் இருக்கிற லூப்ரிசினையே அரித்துக்கொண்டிருக்கும்போது, வெளியிலிருந்து ஏற்றுவதை மட்டும் விட்டுவைக்குமா? கண் வறட்சிக்குச் சொட்டு மருந்தாக மனிதர்களிடம் சோதித்தார்கள், சரி. முட்டிக்கு அனுமதி பெற்ற மருந்து ஒன்றைக் காட்டு.

கபடி_செந்தில்:
ஒரு வருடத்தில் திரும்புகிறதென்றால் அந்த ஒரு வருடம்தானேக்கா காப்பாற்ற வேண்டிய காலம்? குருத்தெலும்பு ஒருதடவை போனால் திரும்ப வளராதே. நொதி அரிக்கிறதென்றால் திரும்பத் திரும்பப் போட வேண்டியதுதான். எலியோடும் நிற்கவில்லை, 2017-ல் யுகாட்டான் குட்டைப் பன்றிகளின் முட்டியிலும் சேதம் குறைந்தது.

பிசியோ_கவிதா:
பன்றி நல்ல சேதிதான், அதை மறுக்கவில்லை. மனிதச் சோதனை வரட்டும், நானே எழுதிக்கொடுக்கச் சொல்கிறேன். அதுவரை தொடைத் தசையைத் தேற்று, கிழிந்த காலோடு களத்தில் இறங்காதே.

நெல்லைக்காரன்:
அதெல்லாம் சரி, ஜெல் ஊசிக்கு நான் காசு கட்டிவிட்டேனே, போடலாமா வேண்டாமா?