ஐப்பசி மழையில் தஞ்சாவூர் ஓவியத்தின் மக்கு காயவே மாட்டேன் என்கிறது

தெற்குவாசல்: மாடி அறையில் நவநீத கிருஷ்ணர் போடுகிறேன். சாக்பொடியும் கோந்தும் சேர்த்த மக்கில் மாலை, தூண் எல்லாம் எழுப்பியாயிற்று. மேலே கெட்டி, நகம் வைத்தால் உள்ளே இறங்குகிறது. ஹேர் டிரையர் காட்டிய இடத்தில் மயிரிழை வெடிப்பு. பலகையும் லேசாக வளைகிறது. ஜன்னலைத் திறந்து ஃபேன் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. கார்த்திகைக்குள் கொடுக்க வேண்டிய ஆர்டர்.

தூத்துக்குடிக்காரன்: முதலில் ஜன்னலைச் சாத்துங்கள் அக்கா. மழை நேரத்தில் வெளிக்காற்றே ஈரம்; ஃபேன் அதைத்தான் சுற்றிவிடும். எங்கள் பக்கம் உப்புக்காற்று வேறு. உப்பு ஈரத்தை இழுப்பதால் மழையில்லாத நாளிலும் மேசை பிசுபிசுக்கும். உங்களுக்கு மழை விட்டதும் வெயில் சுள்ளென்று வந்துவிடும், அப்போது திறங்கள். ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். முள் 65 சதவீதத்துக்குக் கீழே வராமல் நான் மக்குக் கிண்ணத்தைத் தொடுவதில்லை.

பிரேம் கடை: டிரையரைத் தூக்கி உள்ளே வையுங்கள். சூட்டில் மேல்தோல் மட்டும் இறுகும். உள்ளே பிறகு காய்ந்து சுருங்கும்போது பிளக்கும். வெடிப்பின் மேல் இப்போதே பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். முழுக்கக் காயவிட்டு, தளர்ந்ததைச் சுரண்டி எடுத்து, மெல்லிய மக்கைத் தூரிகையால் அடுக்கடுக்காக வையுங்கள். காய்ந்ததா என்று பார்க்கப் புறங்கையை வைத்துப் பாருங்கள்: சில்லென்று இருந்தால் இன்னும் நீர் இருக்கிறது. வளைவுக்குக் காரணம், பின்பக்கம் வெறும் பிளைவுட். வெயில் வந்து பலகை உலர்ந்ததும் அங்கே இரண்டு கை வார்னிஷ் அடியுங்கள்.

தெற்குவாசல்: பலகையில் ஒட்டிய துணியைப் பின்னால் மடித்த இடத்தில் கறுப்புப் புள்ளிகளும் இருக்கின்றன அண்ணே. புளியங்கொட்டைப் பசைதான் போட்டேன்.

பிரேம் கடை: பூஞ்சைம்மா. அதற்குப் பசை நல்ல தீனி. ஈரத்துணியால் துடைத்தால் பரவும். உலர்ந்ததும் வெளியே எடுத்துப் போய், மூக்கைக் கட்டிக்கொண்டு காய்ந்த பிரஷால் தட்டுங்கள். அடுத்த முறை பசையில் கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேருங்கள், பைண்டிங் ஆட்கள் போடுவதுதான். விஷம் அது, சமையல் பாத்திரம் பக்கமே போகக்கூடாது.

தெற்குவாசல்: சரி. அதுவரை தங்க ரேக்கையாவது (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டிவிடட்டுமா?

தூத்துக்குடிக்காரன்: ஐயோ வேண்டாம். ஈர மக்கின் மேல் ஒட்டினால் ரேக் பிடிக்காமல் குமிழ் விட்டுக் கிளம்பும். ரேக் விற்கிற விலைக்கு அந்தச் சோதனை எதற்கு? ஆர்டர் கொடுத்தவரிடம் நாள் கேளுங்கள்.

தெற்குவாசல்: பேசிவிட்டேன் தம்பி. பொங்கலுக்கு வாங்கிக்கொள்கிறார்களாம்.