அபாய அளவு 3, ஆனால் சரிவில் ஏற்கெனவே தடம் இருக்கிறது. இறங்கலாமா?

வெண்தடம்:
நாளை ஐந்து பேர் ரிசார்ட் எல்லைக்கு வெளியே பனிச்சறுக்குப் போகிறோம். இன்றைய பனிச்சரிவு அறிக்கையில் அபாய அளவு 3. பலவீன அடுக்கு ஒன்று புதைந்திருப்பதாகவும் போட்டிருக்கிறார்கள். நேற்றிரவு வரை 30 செ.மீ. புதுப்பனி, மேற்கிலிருந்து பலத்த காற்று. நாங்கள் பார்த்துவைத்தது கிழக்குச் சரிவு. மேல்பாதி 35 டிகிரி, அடியில் ஒடுங்கிய ஓடைப் பள்ளம். இன்று மதியமே நாலு பேர் இறங்கிய தடம் தெரிகிறது. "அவங்களே இறங்கிட்டாங்க, அப்புறம் என்ன?" என்கிறார்கள் மற்றவர்கள். அனுபவம் குறைந்த ஆள் நான்தான். பீக்கன் (புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவி), ப்ரோப் (பனியில் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), ஷவல் (மண்வாரி) எல்லாரிடமும் உண்டு. தடம் நல்ல அறிகுறிதானா?

கொடுமுடி:
இல்லை. நாலு பேர் நாலு கோட்டில் தப்பினார்கள், அவ்வளவுதான். பலவீன அடுக்குக்கு மேலே பலகைபோல் இறுகிக் கிடக்கும் பனி, அதாவது பனிப்பலகை, எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருக்காது. தடித்த இடத்தில் உங்கள் எடை அடியிலுள்ள பலவீன அடுக்கு வரை எட்டாமல் போகலாம். பாறையோரம் மெலிந்த இடத்தில் எட்டிவிடும். ஐந்தாவது ஆள் அங்கே ஒரு திருப்பம் போட்டால் அந்த நாலு தடத்தையும் சேர்த்து மொத்தமும் பெயர்ந்து வரும்.

30 செ.மீ. என்பதையும் நம்பாதீர்கள். மேற்குக் காற்று முகட்டின் அந்தப் பக்கத்துப் பனியையும் வாரி உங்கள் சரிவில்தான் கொட்டியிருக்கும். அப்புறம் அந்த 3. ஐந்தில் மூன்று என்றால் ஏதோ நடுத்தரம் என்று படிக்கிறோம். ஒவ்வொரு படிக்கும் அபாயம் பல மடங்கு ஏறுகிறது; 3-இல் ஒரே ஆளின் எடை பனியைக் கிளப்பப் போதும். 4, 5 என்றால் பலர் கிளம்பவே மாட்டார்கள். 3 என்றால் கிளம்பிவிடுகிறார்கள், பிரச்சினையே அங்கேதான்.

சாய்கோடு:
கொஞ்சம் மிரட்டுகிறீர்களோ? குழி தோண்டி எக்ஸ்டெண்டட் காலம் டெஸ்ட் (extended column test, பனித்தூணைத் தட்டிப் பார்க்கும் சோதனை) செய்து பார்க்கட்டும். முறிவு பரவவில்லை என்றால் இறங்கலாமே.

கொடுமுடி:
90 செ.மீ. அகலத்தில் பனித்தூண் வெட்டி, ஒரு ஓரத்தில் ஷவலை வைத்து மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து தட்டு. முறிவு தூண் முழுக்க ஓடினால் திரும்பிவிடலாம், சரி. ஓடாவிட்டால்? அந்தக் குழி இருந்த இடத்தில் ஓடவில்லை என்றுதான் அர்த்தம். வேண்டாம் என்று சொல்லக் குழி உதவும். போகலாம் என்று அதை வைத்துச் சொல்ல மாட்டேன்.

பனிக்கரடி:
நான் அந்தப் பள்ளத்துக்காகவே வேண்டாம் என்பேன். பனி பரவ இடமில்லாததால் சின்னப் பனிச்சரிவுகூட ஆளை ஆழத்தில் மூடிவிடும். புதைந்தவரைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் நல்ல வாய்ப்பு. பீக்கன் இடத்தைக் காட்டிவிடும். இறுகிய பனியை இரண்டு மீட்டர் வெட்டுவது யார்?

வெண்தடம்:
புரிகிறது. ஆனால் மற்ற நாலு பேரிடம் இதை எப்படிச் சொல்ல?

கொடுமுடி:
மலையில் வைத்துச் சொல்லாதீர்கள், இன்று இரவே சொல்லுங்கள். மேலே போனபிறகு யாருக்கும் திரும்ப மனம் வராது. ஓட்டெடுப்பும் வேண்டாம், ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான். அமெரிக்கப் பனிச்சரிவு விபத்துகளை அலசிய ஆய்வாளர் இயன் மெக்கேமன் சொன்ன மனப்பொறிகளில் உங்கள் குழுவிலேயே இரண்டு இருக்கின்றன: பிறர் இறங்கியதைப் பார்த்து வரும் தைரியம், மூத்தவருக்குத் தெரியும் என்று வாயை மூடிக்கொள்வது. வெறுமனே மறுக்காமல், 30 டிகிரிக்குக் குறைவான வேறொரு சரிவைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். காலையில் ஸ்கீக்கு அடியில் பனி "வும்ப்" என்று அமுங்கினாலோ, நுனியிலிருந்து விரிசல் ஓடினாலோ பேச்சே வேண்டாம், செங்குத்தான பக்கம் போகாதீர்கள்.

வெண்தடம்:
பேசிவிட்டேன். ஒருவருக்குக் கோபம், மற்ற மூவரும் சரி என்றார்கள். 25 டிகிரியில் ஒரு மரச்சரிவு பார்த்திருக்கிறோம்.

பனிக்கரடி:
அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். செங்குத்தான முகடு இருந்தால், அங்கே பெயர்வது உங்கள் 25 டிகிரியில் வந்துதான் நிற்கும்.